முட்டிக்கு எந்த வகுப்பு? மும்பையில் ஐயங்கார் யோகா, தாய் சி, ஃபெல்டன்கிரைஸ்

மாட்டுங்கா, செம்பூர் பக்கம் அறுபதைத் தாண்டிய நம்மவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு சீக்கிரமே முட்டிவலியில் வந்து நிற்கும். "யோகா போங்களேன்" என்று யாராவது சொல்வார்கள். எந்த யோகா, எப்படிப்பட்ட உடம்புக்கு என்று யாரும் சொல்வதில்லை. முதலில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: தரையில் உட்கார்ந்துவிட்டு, எதையும் பிடிக்காமல் எழ முடிகிறதா?

சிரமப்பட்டாவது முடிகிறது என்றால் நான் ஐயங்கார் முறையைத்தான் சொல்வேன். பி.கே.எஸ். ஐயங்கார் புனேயிலிருந்து பரப்பிய முறை இது. லோயர் பரேலில் ஐயங்கார் யோகாஸ்ரயா இருக்கிறது. மாட்டுங்கா ரோடிலிருந்து ஸ்லோ லோக்கலில் மூன்றாவது ஸ்டேஷன். போர்வை, பெல்ட், சுவரில் கட்டிய கயிறு, முதுகுப்பலகை எடுத்த மடக்கு நாற்காலி என்று எல்லாம் துணைக்கு உண்டு. கால் மடங்காதவரை அழுத்தி மடக்க மாட்டார்கள். துணியைச் சுருட்டி முட்டிக்குப் பின்னால், மடிப்புக்குள் வைத்து, அப்புறம் மெதுவாக மடக்கச் சொல்வார்கள். அந்தச் சுருள் உள்ளே இடம் கொடுப்பதால் பிடிப்பு குறைகிறது. ஆனால் கண்டிப்பு அதிகம். கால் விரல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது வரை திருத்துவார்கள். ஓய்வாக இருக்கலாம் என்று போகிறவர்களுக்கு முதலில் அலுப்பாக இருக்கும்.

தரைக்கே போக முடியாது, விழுந்துவிடுவோமோ என்ற பயமும் இருக்கிறதா? அப்படியானால் தாய் சி என்ற சீனப் பயிற்சி. நின்றபடியே, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மெதுவாக மாற்றுவதுதான் இதன் அடிப்படை. 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முட்டித் தேய்மானம் உள்ள 204 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். 12 வாரம் தாய் சி செய்தவர்களுக்கும் பிசியோதெரபி எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வலி குறைந்தது. முட்டி, இடுப்புத் தேய்மானத்துக்கு அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கம் இதை வலுவாகவே பரிந்துரைக்கிறது. யோகாவுக்கு அவ்வளவு வலுவான சிபாரிசு இல்லை. அசைவுகளின் வரிசை மனப்பாடமாகச் சில மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும். முட்டியை ஆழமாக மடக்கி நிற்கச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். உயர நின்றே செய்யலாம்.

மூன்றாவது ஃபெல்டன்கிரைஸ். முட்டியில் அடிபட்ட இயற்பியலாளர் மோஷே ஃபெல்டன்கிரைஸ் உருவாக்கியது. மல்லாந்து படுத்து, இடுப்புக்கு அடியில் ஒரு கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, பன்னிரண்டிலிருந்து ஆறுக்கு மெல்லச் சாய்வது ஒரு பாடம். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓய்வு. கழுத்து, தோள் இறுக்கத்துக்கு அருமையான முறை. தசைக்கு வலு சேர்ப்பது இதன் நோக்கமில்லை, ஆகையால் தேய்ந்த முட்டிக்கு இது மட்டும் போதாது. சொல்லித் தருபவர்களும் குறைவு. பெரும்பாலும் ஆன்லைனில்தான் கிடைக்கும்.

மூட்டு வீங்கியோ சூடாகவோ சிவந்தோ இருந்தால் முதலில் டாக்டர், பிறகுதான் வகுப்பு.

பணம் கட்டுவதற்கு முன் டீச்சரிடம் கேளுங்கள்: "என் முட்டி இவ்வளவுதான் மடங்கும், எனக்கு என்ன மாற்றிக் கொடுப்பீர்கள்?" நாற்காலி, போர்வை, மாற்று அசைவு என்று பதில் வந்தால் சேருங்கள். "போகப் போகச் சரியாகிவிடும்" என்றால் வேறு இடம் பாருங்கள்.