சைப்ரஸில் எம்பிபிஎஸ் சீட்டா? பணம் கட்டும் முன் ஆஃபர் லெட்டரின் முகவரியைப் பாருங்கள்

நீட் முடிவு வந்த கையோடு போன் வரத் தொடங்கிவிடும். "ஐரோப்பாவில் எம்பிபிஎஸ், சைப்ரஸ் தீவு, ஆங்கில வழி, 50 சதவீத ஸ்காலர்ஷிப், என்எம்சி (தேசிய மருத்துவ ஆணையம்) அப்ரூவ்டு." இந்தப் பேச்சை நம்பிப் பணம் கட்டிய குடும்பங்களின் காகிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஏமாற்று தொடங்கிய இடம் ஒன்றாகவே இருக்கிறது. எந்தச் சைப்ரஸ் என்று ஏஜென்ட் சொல்லவில்லை. அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே வீட்டாருக்குத் தெரியவில்லை.

சைப்ரஸ் 1974இல் இரண்டாகப் பிளந்த தீவு. தெற்கே இருப்பது சைப்ரஸ் குடியரசு. 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடு, யூரோ நாணயம், பேச்சு மொழி கிரேக்கம். வடக்கே இருப்பது துருக்கி ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் பகுதி. 1983இல் தன்னைத் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. அந்த அறிவிப்பு செல்லாது என்று ஐநா பாதுகாப்பு மன்றம் அதே ஆண்டு 541ஆம் தீர்மானத்தில் சொல்லிவிட்டது. துருக்கியைத் தவிர எந்த நாடும் அதை ஏற்கவில்லை, இந்தியாவும் ஏற்கவில்லை. அங்கே துருக்கியின் லிரா நாணயம் புழங்குகிறது, துருக்கி மொழி பேசுகிறார்கள்.

வடக்கில் இருக்கும் மருத்துவக் கல்லூரிகள் எல்லாமே போலி என்று சொல்ல வரவில்லை. கட்டடமும் ஆஸ்பத்திரியும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அங்கே படித்துவிட்டுத் துருக்கியில் டாக்டராக வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதையே "ஐரோப்பிய ஒன்றியப் பட்டம்" என்று சொல்லி, தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்து பிராக்டிஸ் செய்ய நினைக்கும் பிள்ளையிடம் விற்பதுதான் மோசடி.

இதைக் கண்டுபிடிக்க வக்கீல் தேவையில்லை, ஆஃபர் லெட்டர் போதும். ஏஜென்ட் தந்த பளபளப்பான நோட்டீஸில் "நிகோசியா, சைப்ரஸ்" என்றுதான் இருக்கும். நிகோசியா இரு பக்கமும் பிரிந்து கிடக்கும் நகரம் என்பதால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. கல்லூரி அனுப்பிய கடிதத்தின் அடிப்பகுதிக்கு வாருங்கள். பொடி எழுத்தில் "லெஃப்கோஷா" (நிகோசியாவின் துருக்கிப் பெயர்) என்றும், அதற்குப் பக்கத்தில் "மெர்சின் 10, துருக்கி" என்றும் இருந்தால் அது வடக்கு. மெர்சின் என்பது துருக்கியின் தென்கரையில் உள்ள ஊர். வடக்குக்கு நேரடியாகத் தபால் போகாது என்பதால் எல்லாம் அந்த ஊர் வழியாகப் போகிறது. நகரப் பெயர் கிர்னே, காஸிமௌசா என்று இருந்தாலும் வடக்குதான். தெற்கில் அவற்றை கைரீனியா, ஃபமகுஸ்தா என்று சொல்வார்கள்.

அடுத்து தொலைபேசி எண். +90 392 என்று தொடங்கினால் வடக்கு, +357 என்றால் தெற்கு. பணம் அனுப்பச் சொல்லும் கணக்கின் சர்வதேச எண்ணான ஐபிஏஎன்னில் முதல் இரண்டு எழுத்து சிஒய் என்றால் சைப்ரஸ் குடியரசு, டிஆர் என்றால் துருக்கி முறையில் இயங்கும் வங்கி. விமான டிக்கெட்டில் இறங்குமிடம் லார்னகா அல்லது பாஃபோஸ் என்றால் தெற்கு. எர்ஜான் என்றால் வடக்கு, அதுவும் துருக்கியில் இறங்கித்தான் போக முடியும். இந்த நான்கில் ஒன்று வடக்கைக் காட்டினாலே போதும், மேற்கொண்டு ஒரு ரூபாய் கொடுக்காமல் உட்கார்ந்து யோசியுங்கள்.

வடக்கில் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று ஏஜென்ட் கேட்பார். முதலாவது, இந்தியத் தூதரகம். அது இருப்பது நிகோசியாவின் தென்பகுதியில். வடக்கில் இந்தியாவுக்கு அலுவலகம் கிடையாது. எர்ஜான் வழியாக இறங்கிய வெளிநாட்டவரைச் சைப்ரஸ் குடியரசு முறைப்படி நாட்டுக்குள் வந்தவராகக் கருதுவதில்லை. அதனால் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் மாணவரை, நிகோசியாவின் இரு பகுதிகளுக்கும் நடுவே உள்ள லெட்ரா தெருச் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நடந்து போகும் தூரத்தில் நம் தூதரகம் இருந்தும் போய்ச் சேர முடியாது. பாஸ்போர்ட் தொலைந்தாலும், வீட்டுக்காரர் அடித்து விரட்டினாலும், விபத்து நடந்தாலும் இதே நிலைதான்.

இரண்டாவது இதைவிடப் பெரியது. ஏஜென்ட்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. படித்து முடித்து வந்து, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது, பட்டச் சான்றிதழில் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பமோ, அந்த நாட்டு அரசின் அப்போஸ்டில் முத்திரையோ இருக்க வேண்டும். அப்போஸ்டில் என்பது ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் போடும் முத்திரை. இந்தியாவும் சைப்ரஸ் குடியரசும் அதில் இருக்கின்றன. வடக்கு சைப்ரஸ் அந்த ஒப்பந்தத்தில் இல்லை, இருக்கவும் முடியாது. "எங்கள் பட்டத்தில் யார் கையெழுத்துப் போடுவார்கள், அதை இந்தியாவில் யார் ஏற்பார்கள்?" இதைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம். ஆறு ஆண்டு கழித்து அந்த ஏஜென்ட் ஆபீஸ் அதே இடத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இனி "என்எம்சி அப்ரூவ்டு" என்ற சொல். தேசிய மருத்துவ ஆணையம் வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தருவதில்லை, அப்படி ஒரு பட்டியலையும் வெளியிடுவதில்லை. அந்த வாசகம் நோட்டீஸில் இருந்தால் அதுவே பொய். உலக மருத்துவக் கல்லூரி அடைவில் (வேர்ல்டு டைரக்டரி) பெயர் இருக்கிறது என்று ஸ்கிரீன்ஷாட் காட்டுவார்கள். அந்த அடைவில் பெயர் இருப்பதாலேயே அங்கீகாரம் இருப்பதாக ஆகாது என்று அடைவை நடத்துபவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆணையத்திடம் இருப்பது 2021 நவம்பர் 18 தேதியிட்ட உரிம விதிமுறை. கல்லூரி எதுவானாலும் அந்த விதியை உங்கள் பிள்ளை படிக்கப்போகும் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

விதி சொல்வது இது. படிப்பு குறைந்தது 54 மாதம். அதற்கு மேல் 12 மாத இன்டர்ன்ஷிப், அதே வெளிநாட்டுக் கல்லூரியில். பாடம் ஆங்கில வழியில். சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டுக்குள் எல்லாம் முடிய வேண்டும். அந்த நாட்டின் மருத்துவ மன்றத்தில், அந்நாட்டுக் குடிமகனுக்குத் தரும் உரிமத்துக்குச் சமமான உரிமத்தோடு பதிவு செய்யத் தகுதி இருக்க வேண்டும். திரும்பி வந்த பின் எஃப்எம்ஜிஇ, 300 கேள்விக்கு 150 மதிப்பெண். பிறகு இந்தியாவில் இன்னொரு 12 மாதம் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. இதற்கெல்லாம் முன்பாக நீட் தகுதி. அது இல்லாமல் போனால் திரும்பி வந்து தேர்வே எழுத முடியாது. "நீட் தேவையில்லை" என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் அதற்குமேல் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

இந்த விதியில் உரிமம் பற்றிய வரிதான் தெற்கையும் பிடிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் என்றதும் எல்லாம் சரி என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே உரிமம் வாங்கக் குடியுரிமையும் மொழியும் கணக்கில் வரும். "இந்தியக் குடியுரிமை உள்ளவர் படித்து முடித்ததும் சைப்ரஸ் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற முடியுமா?" என்று கல்லூரியிடம் கேட்காதீர்கள், மன்றத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். வரும் பதிலை அச்செடுத்து வையுங்கள். கல்லூரியின் சேர்க்கைப் பிரிவும் ஒருவகையில் விற்பனைப் பிரிவுதான்.

கால அளவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தெற்கில் இரண்டு வகைப் படிப்பு புழங்கிவந்திருக்கிறது. ஒன்று ஆறு ஆண்டு எம்டி (அங்கே இதுதான் முதல் மருத்துவப் பட்டம்). மற்றது ஏற்கெனவே டிகிரி முடித்தவர்களுக்கான நான்கு ஆண்டு எம்பிபிஎஸ், லண்டன் செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் 2011இல் நிகோசியாவில் தொடங்கியது. வேறு நாடுகளில் வேலை பார்க்க நினைப்பவர்களுக்கு அது நல்ல படிப்பு. ஆனால் நான்கு ஆண்டு என்றால் 48 மாதம், இந்திய விதிக்கு ஆறு மாதம் குறைகிறது. பிஎஸ்சி முடித்த பிள்ளையிடம் "இரண்டு ஆண்டு மிச்சம்" என்று இதை விற்றால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். சைப்ரஸ் பல்கலைக்கழகம் என்ற அரசுப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவப் படிப்பு உண்டு. அது கிரேக்க மொழியில் நடக்கிறது.

துருக்கி முறையில் ஆறாம் ஆண்டே இன்டர்ன் ஆண்டு. ஐந்து ஆண்டு படிப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப் என்று மதிப்பெண் பட்டியலிலும் சான்றிதழிலும் தேதியோடு தனித்தனியாக வர வேண்டும். "ஆறு ஆண்டு படிப்பு" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் இந்தியாவில் கேள்வி வரும். அந்தச் சான்றிதழின் மாதிரியைச் சேரும் முன்பே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பிள்ளை போய் இறங்கிய பின் வரும் ஏமாற்றங்களில் முதலில் வருவது மொழி வகுப்பு. இறங்கியதும் கல்லூரி ஆங்கிலத் தேர்வு வைக்கும். அதில் தேறாவிட்டால் ஓராண்டு ஆயத்த வகுப்பு. அதற்குத் தனி ஃபீஸ். அந்த ஆண்டு 54 மாதத்தில் சேராது, நீட்டின் மூன்று ஆண்டு செல்லுபடிக் கணக்கும் அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஏஜென்ட் இதை "ப்ரீமெட், ஃபவுண்டேஷன்" என்று பெயர் மாற்றிச் சொல்லியிருப்பார். கடிதத்தில் படிப்பின் பெயர் "மருத்துவம்" என்று இருக்கிறதா, அல்லது பயோமெடிக்கல் என்றோ ஆயத்தப் பள்ளி என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். "முதலில் அதில் சேருங்கள், அப்புறம் மாற்றித் தருகிறோம்" என்பவர் மாற்றித் தரமாட்டார்.

அதைவிட ஆபத்தான வாக்குறுதி, "முதல் இரண்டு ஆண்டு இங்கே, பிறகு ருமேனியாவுக்கோ பல்கேரியாவுக்கோ டிரான்ஸ்ஃபர்." முழுப் படிப்பும் பயிற்சியும் இன்டர்ன்ஷிப்பும் ஒரே கல்லூரியில் நடக்க வேண்டும் என்பது விதி. மாறினால் அதுவரை படித்தது இந்தியாவுக்கு உதவாது. ஏஜென்ட்டுக்கு இரண்டாவது கல்லூரியிலிருந்தும் கமிஷன் வரும், அதற்காகத்தான் இந்த யோசனை.

ஸ்காலர்ஷிப்பைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது: எல்லாருக்கும் 50 சதவீதம் என்றால் அதற்குப் பெயர் விலை. ஆறு ஆண்டுக்கும் ஃபீஸ் அதுவேயா, எத்தனை சதவீதம் மதிப்பெண் எடுக்காவிட்டால் தள்ளுபடி போகும், ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தால் எவ்வளவு என்று மட்டும் எழுத்தில் வாங்குங்கள்.

வாடகையைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், குடும்பங்கள் திணறிப்போவது இங்கேதான். வடக்கில் ஃபீஸ் யூரோவில், வாடகை பிரிட்டிஷ் பவுண்டில், காய்கறி லிராவில். வீட்டுக்காரர் பல மாத வாடகையை முன்பணமாகக் கேட்பார். அதோடு டெபாசிட், புரோக்கர் கமிஷன். "பார்ட் டைம் வேலை பார்த்துச் சமாளிக்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அனுமதி இல்லாமல் வேலை செய்வது குற்றம், சம்பளம் லிராவில் வரும், மருத்துவ மாணவருக்கு அதற்கு நேரமும் இருக்காது. ஒரு தவணை ஃபீஸ் தவறினால் கல்லூரிப் பதிவு நிற்கும். பதிவு நின்றால் தங்கும் அனுமதி நிற்கும். அனுமதி முடிந்து தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் ஏறும்.

வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளி ஆங்கிலம் பேசமாட்டார். தெற்கில் கிரேக்கம், வடக்கில் துருக்கி. மூன்றாம் ஆண்டுக்குள் "எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, இதற்கு முன் ஆபரேஷன் நடந்ததா" என்று கேட்டு நோய் வரலாறு எழுதும் அளவுக்கு மொழி வராவிட்டால், வார்டில் பிள்ளை பின்வரிசையில் நின்று வேடிக்கை பார்க்க நேரும். எஃப்எம்ஜிஇ கேள்விகள் அந்த இடத்தில்தான் காலை வாரிவிடும். ஏஜென்ட்கள் காட்டும் இன்னொரு ஐரோப்பிய ஒன்றியத் தீவு நாடான மால்டாவில் ஆங்கிலம் ஆட்சிமொழி என்பதால் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அங்கே ஃபீஸ் வேறு உயரத்தில் இருக்கிறது, படிப்பு ஐந்து ஆண்டு. அதன் பிறகான பயிற்சி இடம் ஐரோப்பியர் அல்லாதவருக்கு உறுதியா, 12 மாதமும் அதே கல்லூரியின் கீழ் வருமா என்று எழுதிக் கேட்டே ஆக வேண்டும்.

பணம் அனுப்புவதானால் ஏஜென்ட் கையில் ரொக்கமாகவோ, "கன்சல்டன்சி" பெயரில் உள்ள கணக்கிலோ போடாதீர்கள். உங்கள் வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவம் நிரப்பி, எஸ்0305 என்ற நோக்கக் குறியீட்டில், கல்லூரியின் பெயரிலேயே உள்ள கணக்குக்கு அனுப்புங்கள். பணம் போனதற்கு வங்கி தரும் ஸ்விஃப்ட் நகலை வாங்கி வையுங்கள். ஏஜென்ட்டின் சர்வீஸ் சார்ஜுக்குத் தனி ரசீது வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ்களை அவர் ஆபீஸில் விட்டுவிட்டு வராதீர்கள். ரீஃபண்ட் கேட்டுப் போகும்போது அவைதான் பணயமாகும். சுவரில் வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் லைசென்ஸ் மாட்டியிருந்தால் மயங்க வேண்டாம். 1983 குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் தரும் அந்த லைசென்ஸ் வேலைக்கு ஆளனுப்புவதற்கானது, மாணவர் சேர்க்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஏற்கெனவே பணம் போய்விட்டதா? வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், முழுவதையும் ஏற்றுமதி செய்து வையுங்கள். "ஐரோப்பியப் பட்டம்", "என்எம்சி அப்ரூவ்டு" என்று அவர்கள் எழுதிய நோட்டீஸ், ரசீது, ஆஃபர் லெட்டர் மூன்றையும் சேர்த்து, பதிவுத் தபாலில் ஏஜென்ட்டுக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். மாவட்டக் குற்றப்பிரிவிலும், சென்னை என்றால் மத்தியக் குற்றப்பிரிவிலும் புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடந்ததானால் மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவு, அதற்கு முந்தையதானால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420. நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே ஏஜென்ட் மீது வழக்குப் போடலாம், அவர் ஆபீஸ் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 1915 என்ற உதவி எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். பிள்ளை அங்கே மாட்டிக்கொண்டிருந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" (MADAD) என்ற புகார் இணையதளத்தில் இங்கிருந்தே புகார் பதியுங்கள். நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டு ஆண்டு. "அடுத்த செமஸ்டரில் சரியாகிவிடும்" என்று ஏஜென்ட் இழுத்தடிப்பது பெரும்பாலும் அந்தக் கெடு தாண்டட்டும் என்றுதான்.