சொந்த ஃபோனா, ஆபீஸ் ஃபோனா?

அலுவலக மெயிலைச் சொந்த ஃபோனில் போட்டுக்கொள்வதா, கம்பெனி தரும் ஃபோனையும் சேர்த்துச் சுமப்பதா? இரண்டையும் பல வருடம் செய்து பார்த்துவிட்டேன்.

சொந்த ஃபோன் என்றால் ஆண்ட்ராய்டில் 'வொர்க் ப்ரொஃபைல்' இருக்கிறது, அதாவது அலுவலகச் செயலிகளுக்கென்று ஃபோனுக்குள்ளேயே ஒரு தனி அறை. 2014-இல் லாலிபாப் பதிப்போடு வந்தது. அலுவலகச் செயலிகளின் ஐகான் ஓரத்தில் குட்டிப் பெட்டி ஒன்று ஒட்டியிருக்கும். ஐடி துறையின் கை அந்தச் செயலிகளோடு நின்றுவிடும். என் படங்களையோ அரட்டையையோ எட்டாது. மாலையில் ஒரு தட்டு தட்டினால் அத்தனையும் சாம்பல் நிறமாகித் தூங்கிவிடும். அந்த நிம்மதி இருக்கிறதே! ஆனால் இது இல்லாமல், முழு ஃபோனுக்கும் அட்மின் அனுமதி கேட்டால் கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை யோசிக்காமல் கொடுத்தேன். வேலையை விட்ட அன்று ஃபோனையே மொத்தமாகத் துடைத்துவிட்டார்கள், குடும்பப் படங்களையும் சேர்த்து.

கம்பெனி ஃபோன் முழுக்க அவர்கள் ராஜ்ஜியம். என்னென்ன செயலிகள் இருக்கின்றன என்று பார்க்கலாம், பிடிக்காததைத் தடுக்கலாம். தங்கள் டிஜிட்டல் சான்றிதழை (எந்த இணைப்பை நம்பலாம் என்று ஃபோனுக்குச் சொல்லும் கோப்பு) அதில் பதித்திருந்தால், https என்று தொடங்கும், மறையாக்கப்பட்ட பல தளங்களின் போக்குவரத்தைக்கூடப் பிரித்துப் படிக்கலாம். அதனால் அதில் வங்கிக் கணக்கைத் திறப்பதே இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, கொடுத்தால் நான் வாங்கிக்கொள்வது கம்பெனி ஃபோனைத்தான். கண்காணிப்பு எங்கே இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. லீவு நாளில் அணைத்து மேஜை டிராயரில் போட்டுவிடலாம். இரண்டு சார்ஜர் சுமக்கிற எரிச்சல்தான், போகட்டும்.