கால் வழுக்காம கேரக்டரை நடக்க வைக்க ரிகிஃபை எப்படி? ரொம்ப நாள் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

ரிகிஃபை, பிளெண்டர்ங்கிற 3டி அனிமேஷன் சாஃப்ட்வேரோடயே ஃப்ரீயா வர்ற ஆட்-ஆன், கேரக்டரை அசைக்கிறதுக்கான எலும்புகளையும் (போன்) அதை நகர்த்துற கன்ட்ரோல்களையும் செஞ்சு தரும். வருஷக்கணக்கா என் கேரக்டர் எல்லாத்துக்கும் இதைத்தான் போடுறேன். இங்க கால் விஷயத்தை மட்டும் சொல்றேன், ஏன்னா முகத்துல எவ்வளவு ஆக்டிங் இருந்தாலும் ஊனின பாதம் கொஞ்சம் நகர்ந்தா போதும், அந்த உடம்புல வெயிட்டே இல்லைன்னு பாக்குறவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும்.

காலை அசைக்க ரெண்டு முறை இருக்கு. எஃப்கேல (தொடையில இருந்து கீழ ஒவ்வொரு எலும்பா திருப்புற முறை) இடுப்பை அசைச்சா பாதமும் கூடவே போகும். ஐகேல (பாதத்தை வச்சா மீதி கால் தானா அமையுற முறை) பாதம் வச்ச இடத்துலயே நிக்கும், முட்டி தானா மடங்கி அட்ஜஸ்ட் பண்ணிக்கும், ரிகிஃபைல ரெண்டுக்கும் ஒரு ஸ்லைடர்ல மாறிக்கலாம். ஆனா ஐகே ஆன்ல இருந்தும் கால் வழுக்குதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க. முதல்ல பாக்க வேண்டியது ரூட் போன், அதாவது கேரக்டர் மொத்தத்தையும் நகர்த்துற அடி எலும்பு. பாத கன்ட்ரோல் ரூட்டுக்கு கீழ இருக்கிற வரைக்கும் நீங்க ரூட்டை நகர்த்தினா ரெண்டு காலும் சேர்ந்தே இழுபடும், அதனால நடக்குறப்ப டார்சோ கன்ட்ரோலை (இடுப்பையும் மேலுடம்பையும் நகர்த்துறது) நகர்த்துங்க, ரூட் ஆரம்பத்துல எங்க இருந்துச்சோ அங்கயே இருக்கட்டும்.

அடுத்தது கர்வ், அதாவது ஃபிரேமுக்கு ஃபிரேம் பாதத்தோட வேல்யூ எப்படி மாறுதுன்னு காட்டுற கோடு. கால் ஊனின ஃபிரேம்லயும் எடுக்கப்போற ஃபிரேம்லயும் ஒரே வேல்யூ இருக்கணும், கண்ணால பாத்து திரும்ப வைக்காம முதல் கீயை (அந்த ஃபிரேம்ல பதிஞ்ச வேல்யூவை) அப்படியே காப்பி பண்ணி போடுங்க. ஹேண்டில் (கோட்டோட வளைவை மாத்துற பிடி) ஆட்டோ கிளாம்ப்டுல இருந்தா நடுவுல கோடு நேரா இருக்கும், யாராவது ஹேண்டிலை இழுத்துவிட்டிருந்தா கர்வ் வளைஞ்சு பாதம் மெதுவா மிதக்க ஆரம்பிச்சிடும்.

இன்-பிளேஸ் வாக் சைக்கிள்ல (நின்ன இடத்துலயே நடக்குற மாதிரி திரும்பத் திரும்ப ஓடுற அனிமேஷன்) இது தலைகீழ், அங்க ஊனின பாதம் பின்னாடி போய்க்கிட்டே இருக்கணும், அதுவும் ஒரே ஸ்பீடுல. 24 ஃபிரேம் சைக்கிள்ல பாதம் 12 ஃபிரேம்ல 0.6 மீட்டர் பின்னாடி போகுதுன்னா ஃபிரேமுக்கு 0.05 மீட்டர், அப்போ அதை சீன்ல நடக்க விடுறப்ப கேரக்டர் மொத்தமும் ஒரு சைக்கிளுக்கு சரியா 1.2 மீட்டர் முன்னாடி போகணும். பாதம் பின்னாடி போற அந்த 12 ஃபிரேமுக்கும் கேரக்டரை முன்னாடி கொண்டுபோற கர்வுக்கும் லீனியர் (நேர்கோடு) போடுங்க, பெசியர்ல (வளைவு) விட்டா ஆரம்பத்துலயும் கடைசியிலயும் ஸ்பீடு குறைஞ்சு பாதம் தேய்க்கும்.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது ஹீல் கன்ட்ரோல்தான். குதிகாலை தூக்க பாத கன்ட்ரோலையே ரொட்டேட் பண்ணா அது கணுக்கால்ல சுத்தும், விரல் தரைக்குள்ள போயிடும், அதை சரிபண்ண பாதத்தை நகர்த்துவீங்க, மறுபடி வழுக்கும். ஹீல் கன்ட்ரோலை சாய்ச்சா ஒரு பக்கம் குதிகால்லயும் இன்னொரு பக்கம் முன்பாதத்துலயும் சரியா ஊனி உருளும், பாத கன்ட்ரோல்ல கை வைக்கவே வேண்டாம்.

செக் பண்றதுக்கு பாத போனுக்கு மோஷன் பாத் (எலும்பு போற வழியை ஃபிரேமுக்கு ஒரு புள்ளியா காட்டுறது) போட்டு பாருங்க, இன்-பிளேஸ் சைக்கிள் இல்லாதப்ப, ஊனியிருக்கிற ஃபிரேம் புள்ளி எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து ஒரே புள்ளியா தெரியணும், கோடா நீண்டா வழுக்குது. இந்த செக் பண்ணாம நான் எதையும் ரெண்டருக்கு அனுப்புறதில்ல.

குறைன்னா, ஐகே ஸ்ட்ரெச் முதல்லயே ஆன்ல வருது. இடுப்பு தூரமா போனா கால் ரப்பர் மாதிரி நீளும், ரியலிஸ்டிக் கேரக்டருக்கு பாக்க சகிக்காது. 0 ஆக்கினா கால் நீளாது, ஆனா எட்டாத தூரத்துல பாதம் கன்ட்ரோலை விட்டு பிரிஞ்சு வந்துடும், கால் முழுசா நிமிருற ஃபிரேம்ல முட்டி வெடுக்குன்னு குதிக்கும். ரெண்டுக்கும் மருந்து இடுப்புலதான் இருக்கு, அந்த ஃபிரேம்ல டார்சோவை கொஞ்சம் கீழ இறக்குங்க, இல்ல ஸ்டெப் நீளத்தை குறைங்க. மோகேப் டேட்டாவை (நிஜ ஆளோட அசைவை பதிவு பண்ணது) வேற கால் நீளம் உள்ள கேரக்டருக்கு மாத்துறப்ப வழுக்குறதை ரிகிஃபை தானா சரிபண்ணாது, ஒவ்வொரு ஸ்டெப்பா பாத கன்ட்ரோலை நீங்களே ஊன வைக்கணும், அதுக்கு தனியா நேரம் ஒதுக்கிட்டு உக்காருங்க.