பழைய சாமானுக்கு எந்தப் பெயின்ட்? எனாமல், சாக் பெயின்ட், அக்ரிலிக்: ஓர் ஒப்பீடு

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு டிரங்குப் பெட்டியோ முக்காலியோ வாங்கி வந்து, கழுவித் துடைத்து வைத்ததும் வருகிற முதல் குழப்பம் பெயின்ட்தான். ஹார்டுவேர் கடைக்காரர் யோசிக்காமல் எனாமல் (எண்ணெய்ப் பெயின்ட்) டப்பாவை எடுத்துத் தருவார். யூடியூப்பைத் திறந்தால் சாக் பெயின்ட் புராணம். கைவினைப் பொருள் கடையில் அக்ரிலிக் புட்டிகள் நூறு நிறத்தில் கண்ணைப் பறிக்கும். இந்த மூன்றையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்க்கலாம். கூடவே நாலாவதாக ஒன்றையும் சேர்க்கிறேன்: பெயின்டே அடிக்காமல் விடுவது. என்னைக் கேட்டால், முதலில் யோசிக்க வேண்டியதே அந்த நாலாவதைத்தான்.

தேக்கு என்றால் தூரிகையைக் கீழே வையுங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த மரச்சாமான்கள் விற்கிறார்கள். பலவும் பர்மா தேக்கு. அதில் வெள்ளைச் சாக் பெயின்டைப் பூசி, ஓரங்களைத் தேய்த்துவிட்டு ‘விண்டேஜ்’ என்று படம் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. இத்தனை வருஷத்தில் மரத்துக்கு வந்திருக்கிற நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது. செதுக்கு வேலையின் இடுக்குகளில் ஒருமுறை பெயின்ட் இறங்கிவிட்டால் முழுதாக எடுப்பதும் கடினம்.

அழகைத் தள்ளிவைத்தாலும், பெயின்டுக்குத் தேக்கு ஒத்துவராததற்குக் காரணம் உண்டு. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருக்கிறது. அதனால் பெயின்ட் சரியாகப் பிடிக்காது, காயவும் நேரமாகும். அதோடு மரத்தில் உள்ள சாயப் பொருள்கள் தண்ணீர் கலந்த பெயின்டில் ஊறி மேலே வரும். இன்றைக்கு வெள்ளையாக அடித்தது சில நாளில் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். மேலே இன்னொரு கோட்டிங் அடித்தாலும் அதையும் தாண்டி வரும்.

இதற்குப் பழைய தச்சர்கள் செய்கிற பிரெஞ்சு பாலிஷே சரி. அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் நனைத்து, மெல்லிசாகப் பல முறை தேய்ப்பார்கள். மரத்தின் ரேகை உள்ளிருந்து மின்னும். குறையும் உண்டு: சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும், ஈரம் ஆகாது. சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம். சாமி மாடம், கண்ணாடிச் சட்டம், அலமாரிக் கதவு இவற்றுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

பித்தளைக்கும் இதே தீர்ப்புதான். புளி போட்டுத் தேய்த்தால் மின்னுகிற பித்தளைச் செம்பின் மேல் எதற்குத் தங்க நிற ஸ்பிரே?

டிரங்குப் பெட்டி: எனாமல் ஜெயிக்கும் இடம்

இரும்புப் பெட்டிக்கு நான் தயங்காமல் எனாமலைச் சொல்வேன். எனாமல் காய்வது டர்பென்டைன் ஆவியாவதோடு முடிவதில்லை. பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. அதனால்தான் ஓர் இரவு பொறுக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் அவ்வளவு உறுதியும். பெட்டி மேல் உட்காரலாம், ஈரத்துணியால் துடைக்கலாம், பிள்ளைகள் இழுத்து விளையாடலாம். சாக் பெயின்ட் அடித்த பெட்டியில் முதல் வாரமே கீறல் விழுந்துவிடும்.

ஆனால் இந்த வெற்றி பெயின்டில் இல்லை, அதற்கு முந்திய வேலையில் இருக்கிறது. கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, துடைத்த கையோடு ரெட் ஆக்சைடு பிரைமர் (பெயின்டுக்கு அடியில் போடும் பூச்சு) அடித்துவிட வேண்டும். ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டால், சென்னை மாதிரி உப்புக் காற்று அடிக்கும் ஊரில் வெறும் இரும்பு மறுபடி துருப்பிடித்திருக்கும். அப்புறம், கெட்டியாக ஒரே கோட்டிங் அடிக்காதீர்கள். மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், சுருங்கும், வழியும். மெல்லிசாக இரண்டு முறை போதும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்ட்களில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலானது. நாம் சந்தையில் வாங்குகிற பழைய பெட்டியின் பெயின்ட் பெரும்பாலும் அதற்கு முந்தியது. ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்வதுதான் பாதுகாப்பு. உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளைப் பயன்படுத்தி, வழித்த சேற்றைக் காகிதத்தில் மடித்து அப்புறப்படுத்துங்கள். பெட்டியை உடனே துணியால் ஒற்றி வெயிலில் காயவையுங்கள். முகக்கவசம் கட்டாயம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

எனாமல் தோற்கிற இடம் ஒன்று உண்டு, அது கடைக்காரர் பலருக்கும் தெரிவதில்லை. துத்தநாகம் பூசிய பழைய வாளி, தொட்டி இவற்றில் எனாமலை நேரடியாக அடித்தால் உரிந்து வரும். பெயின்டிலுள்ள எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து அடியில் சோப்பு மாதிரி ஒரு படலமாகிவிடுகிறது, பிடிப்பு போய்விடுகிறது. அதற்கென்றே விற்கிற பிரைமரை அடித்து, மேலே தண்ணீர் கலந்த அக்ரிலிக் போடலாம். இன்னொரு குறை, வெள்ளை எனாமல் வெளிச்சம் படாத மூலையில் வைத்தால் நாளடைவில் மஞ்சளாகும். இருட்டு அறைக்குப் போகிற பெட்டி என்றால் மயில்நீலமோ கரும்பச்சையோ தேர்ந்தெடுங்கள்.

முக்காலியும் ஷெல்ஃபும்: சாக் பெயின்ட்

இந்தப் பெயின்டை 1990இல் உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆனி ஸ்லோன். பிரைமர் வேண்டாம், தேய்க்க வேண்டாம், நேராக அடிக்கலாம் என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி. சுண்ணாம்புப் பவுடர் போன்ற பொருள் நிறைய இருப்பதால் பளபளப்பே இல்லாத, சுவர் மாதிரியான மேற்பரப்பு கிடைக்கும். மாமரத்தில் செய்த முக்காலி, வேப்பமரப் பலகை, பிளைவுட் ஷெல்ஃப் இவற்றுக்கு இது அருமை. வாடையும் குறைவு, ஃபிளாட்டில் கதவை மூடிக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

பிராண்ட் டப்பாக்கள் விலை அதிகம். வீட்டிலேயே கலக்கலாம்: ஒரு கப் எமல்ஷனுக்கு (தண்ணீர் கலந்த சுவர்ப் பெயின்ட்) மூன்றில் ஒரு கப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பவுடரை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்துவிட்டு, அப்புறம்தான் பெயின்டில் சேர்க்க வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே கெட்டியாகிவிடும் என்பதால் அன்றைக்குத் தேவையானது மட்டும் கலக்குங்கள். நிறமும் நம் கையில்: மிச்சமான சுவர்ப் பெயின்டிலேயே முடிந்துவிடும்.

ஆனால் ‘எந்த முன்வேலையும் வேண்டாம்’ என்பதை அப்படியே நம்ப வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கேறிய சமையலறை ஸ்டூலைச் சோப்பு போட்டுக் கழுவாமல் எந்தப் பெயின்டும் நிற்காது. கறை ஊறி வரும் மரமானால் அடியில் ஒரு கோட்டிங் அரக்கு அடித்துத் தடுத்தே ஆக வேண்டும். வண்டு துளைத்து மாவு கொட்டினால் பெயின்டை மறந்துவிட்டு முதலில் பூச்சி மருந்து.

மேல்பூச்சில்தான் வெளிநாட்டு வீடியோக்கள் நமக்குப் பொருந்துவதில்லை. அவர்கள் மெழுகு தேய்க்கச் சொல்கிறார்கள். நம் சித்திரை வெயிலில் மெழுகு இளகும், தூசி ஒட்டும், காப்பி டம்ளர் தடம் பதியும். தண்ணீர் கலந்த, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் இரண்டு கோட்டிங் போடுவதே நம்மூருக்கு ஏற்றது. மெழுகின் மென்மை வராதுதான். ஆனால் மழைக்காலத்தில் கை ஒட்டாது.

அக்ரிலிக் புட்டிகள்

பெரிய பரப்புக்கு இவை கட்டுப்படியாகாது, கோடு கோடாகவும் தெரியும். இவற்றின் இடம் சின்னப் பொருள்: மண் சட்டி, பழைய ஊறுகாய் ஜாடி, மரத் தட்டு, கண்ணாடிப் புட்டி. மண் பானைக்குள் செடி வைப்பதானால் உட்புறம் நீர் புகாத பூச்சு தேவை. இல்லாவிட்டால் ஈரம் உள்ளிருந்து கசிந்து வண்ணத்தைத் தள்ளிவிடும். கண்ணாடியில் அடிப்பதற்கு முன் ஸ்பிரிட்டால் துடைத்து, பிரைமர் போட்டால்தான் நகத்தில் உரியாமல் இருக்கும். மூன்றில் எதுவானாலும் சாப்பாடு படும் இடத்தில் வேண்டாம். தட்டில் அடித்தால் அது சுவரில் மாட்டுவதற்குத்தான்.

அலங்காரத்துக்கும் இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன. பூப்போட்ட டிஷ்யூ காகிதத்தை ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து ஒட்டி, மேலே வார்னிஷ் அடிப்பது ஒன்று. பார்த்ததும் அசத்தும், கைத்திறன் தேவையில்லை. ஆனால் ஓரங்கள் மழைக்காலத்தில் தூக்கிக்கொள்ளும். வெயில்படும் ஜன்னலோரத்தில் அச்சு மை வெளுத்துப் போகும். மற்றது, நம் வீட்டுப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற சிக்குக் கோலத்தை மெல்லிய தூரிகையால் கையாலேயே போடுவது. கரும்பச்சைப் பெட்டி மூடியில் வெள்ளைப் புள்ளி வைத்து ஏழு வரிசைக் கோலம் போட்டால், வாங்கின டிஷ்யூ எதுவும் பக்கத்தில் நிற்காது. புள்ளிகளை முதலில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள், கோடு காய்ந்ததும் சாக்பீஸ் தடத்தை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். எனாமல் மேல் அக்ரிலிக் வழுக்கும். கோலம் வருகிற இடத்தை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுத் தொடங்குங்கள்.