சர்க்கரையை உடனே குறைப்பதா, படிப்படியாகக் குறைப்பதா: விழித்திரையின் பக்கமிருந்து ஓர் அலசல்

நீரிழிவு பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்த ஒருவருக்கு, ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 11 விழுக்காடு என்று வந்து, இன்சுலின் தொடங்கப்படுகிறது. பத்தாம் நாள் நாளிதழின் எழுத்துகள் மங்கலாகத் தெரியவே, ஊசிதான் கண்ணைக் கெடுத்துவிட்டது என்று அவர் அஞ்சுகிறார். பெரும்பாலும் அது விழித்திரைச் சேதம் அன்று. சர்க்கரை இறங்கும்போது கண்ணின் லென்ஸில் நீர்ச்சமநிலை மாறுவதால் பவர் தற்காலிகமாக நகர்கிறது. சில வாரங்களில் அது நிலைப்படும் என்பதால், அதுவரை புதுக்கண்ணாடிக்குச் செலவு செய்யாமலிருப்பது நல்லது. ஆனால் மங்கலுக்கு இதுதான் காரணம் என்பதைக் கண் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டுமேயன்றி, நாமாக முடிவுகட்டக் கூடாது.

விழித்திரையின் கதை வேறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை, முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் நடந்த டிசிசிடி ஆய்வில், தீவிர சிகிச்சை பெற்ற பிரிவினரின் எச்பிஏ1சி ஏறத்தாழ 7ஆகவும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுடையது 9ஆகவும் இருந்தது. தொடக்கத்தில் கண் பாதிப்பே இல்லாதவர்களிடம், தீவிரக் கட்டுப்பாடு ரெட்டினோபதி (நீரிழிவால் விழித்திரையின் ரத்தக்குழாய்கள் சேதமடைவது) வரும் அபாயத்தை 76 விழுக்காடு குறைத்தது. லேசான பாதிப்பு ஏற்கெனவே இருந்தவர்களிடம் அது முற்றுவதை 54 விழுக்காடு தடுத்தது. சர்க்கரையை உயரத்திலேயே விட்டுவைப்பது என்ற வழிக்கு இதன்பின் எந்த நியாயமும் இல்லை.

எனினும் அதே ஆய்வின் முதல் ஆண்டில், தீவிர சிகிச்சை பெற்றவர்களில் 13.1 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 7.6 விழுக்காட்டினருக்கும் ரெட்டினோபதி சற்று மோசமானது. தொடக்கத்தில் எச்பிஏ1சி மிக உயர்ந்திருந்தவர்களுக்கும், முதல் ஆறு மாதத்தில் அது பெருமளவு இறங்கியவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதலாக இருந்தது. பலருக்கு 18 மாதத்துக்குள் அது சரியானது. நெடுங்காலக் கணக்கில் தீவிர சிகிச்சை பெற்றவர்களின் கண்களே நன்றாக இருந்தன. 2016இல் வெளியான சஸ்டெயின்-6 ஆய்விலும், செமாக்ளூடைடு என்ற நீரிழிவு ஊசிமருந்து பெற்றவர்களில் 3.0 விழுக்காட்டினருக்கும் மருந்தில்லா ஊசி பெற்றவர்களில் 1.8 விழுக்காட்டினருக்கும் ரெட்டினோபதிச் சிக்கல்கள் ஏற்பட்டன. முன்பே கண் பாதிப்பு இருந்து, சர்க்கரை விரைவாக இறங்கியவர்களிடமே இது பெரிதும் தெரிந்தது.

அப்படியானால் மெதுவாகக் குறைப்பதே பாதுகாப்பு அல்லவா என்று தோன்றும். கேட்பதற்கு இயல்பாகத்தான் இருக்கிறது; ஆனால் டிசிசிடி ஆய்வாளர்கள் தங்கள் தரவுகளை ஆராய்ந்து 1998இல் எழுதியபோது, மெல்லக் குறைத்தால் இந்தப் பின்னடைவு குறையும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றே கூறினர். தாழ்சர்க்கரை மயக்கத்தைத் தவிர்ப்பதற்கு நிதானம் உதவும், முதியவர்களுக்கு அது மிக முக்கியம். ஆனால் கண்ணைக் காக்கும் என்ற நம்பிக்கையில் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் கணிப்பில், வேகத்தைவிட வரிசை முக்கியம். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, விழித்திரையைப் பார்த்த பிறகே தீவிரக் கட்டுப்பாட்டில் இறங்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு ஓர் அரைநாள் போகும். வெளியே வந்தால் வெயில் கூசும், பேருந்தின் எண்கூட சில மணி நேரம் தெளிவாகத் தெரியாது, ஆகவே துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது. விழித்திரை சுத்தமாக இருந்தால் தயங்காமல் குறைக்கலாம். பாதிப்பு முற்றியிருந்தால் லேசரோ கண்ணுக்குள் போடும் ஊசியோ முதலில் தேவையா என்பதைக் கண் மருத்துவரும் நீரிழிவு மருத்துவரும் பேசி முடிவெடுத்து, முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறை கண்ணைத் திரும்பப் பார்க்க வேண்டும். கருவுற்ற, ஏற்கெனவே நீரிழிவுள்ள பெண்களுக்குக் குழந்தைக்காகச் சர்க்கரையை விரைந்து குறைத்தே ஆக வேண்டியிருப்பதாலும், கர்ப்பமே ரெட்டினோபதியைத் தூண்டக்கூடியது என்பதாலும், அவர்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.