யெஸ்ஸின் 'டேல்ஸ்', ஜெனசிஸின் 'லேம்': இரண்டு இரட்டை இசைத்தட்டுகள், ஒரே குற்றச்சாட்டு

1973 டிசம்பரில் யெஸ் குழு 'டேல்ஸ் ஃப்ரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்' என்ற இரட்டை இசைத்தட்டை வெளியிட்டது. பதினோரு மாதங்கள் கழித்து ஜெனசிஸ் குழுவின் 'தி லேம் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' வந்தது. இரண்டும் ஆங்கிலேயக் குழுக்களின் ப்ரோக்ரெசிவ் ராக் (நீண்ட, சிக்கலான கோவைகளை நாடிய ராக் வகை) புகழின் உச்சியில் இருந்த காலத்தில் பிறந்தவை. இரண்டும் தத்தம் கருப்பொருள் ஒன்றை நான்கு பக்கங்களிலும் சுமந்து செல்ல முயன்றவை. இரண்டின் முடிவிலும் குழுவின் முதன்மையான ஒருவர் விலகிப் போனார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த இரண்டையும் பற்றி ரசிகர்கள் பிரிந்தே நிற்கிறார்கள். எதிர்த்தரப்பினர் இரண்டின் மீதும் வைக்கும் குற்றச்சாட்டு ஒன்றுதான்: நீளம் மிகுதி. அந்தக் குற்றச்சாட்டு பாதி உண்மை என்றே நான் கருதுகிறேன். ஏறத்தாழ எண்பத்தொரு நிமிடங்களையும் தொண்ணூற்று நான்கு நிமிடங்களையும் இக்குழுக்கள் எந்தெந்த இடங்களில் செலவிட்டன என்று பார்த்தால், இரண்டும் ஒரே வகையில் தவறவில்லை என்பது விளங்கும்.

'டேல்ஸ்' பிறந்த கதை தமிழ் வாசகருக்குத் தனி ஆர்வம் தரக்கூடியது. யெஸ்ஸின் முன்னாள் டிரம்ஸ் கலைஞர் பில் ப்ரூஃபோர்டின் திருமணத்தில், கிங் கிரிம்சன் குழுவின் ஜேமி மியூர், பாடகர் ஜான் ஆண்டர்சனுக்குப் பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' நூலை அறிமுகப்படுத்தினார். ஆண்டர்சன் அதை டோக்கியோ விடுதி அறையில் படித்துக்கொண்டிருந்தபோது, 83ஆம் பக்கத்து அடிக்குறிப்பு ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. சாத்திரங்கள் சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என நால்வகைப்படும் என்று அந்தக் குறிப்பு கூறியது. நான்கு வகைக்கு இசைத்தட்டின் நான்கு பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் இருபது நிமிட அளவில் ஒரே ஒரு இசைக்கோவை என்று திட்டம் உருவானது. அமெரிக்காவின் சவானா நகரில் ஆண்டர்சனும் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹவ்வும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் விடியும்வரை அமர்ந்து அதன் கட்டமைப்பை வகுத்தார்கள்.

இந்த நான்கு சொற்களையும் வளரும்போதே கேட்டுப் பழகிய நமக்கு, ஆண்டர்சன் அவற்றை எடுத்துக்கொண்ட விதம் விந்தையாகவே தோன்றும். ஸ்மிருதி என்றதும் நம் நினைவுக்கு வருவது தர்ம சாத்திர நூல்கள். அவரோ 'நினைவில் நிற்பது' என்ற வேர்ப்பொருளை மட்டும் பற்றிக்கொண்டு, மனித நினைவை ஒரு கடலாக உருவகித்து இரண்டாம் பக்கத்தை அமைத்தார். புராணம் அவர் கையில் மறைந்துபோன நாகரிகங்களின் நினைவாகவும், தந்திரம் தீமைக்கும் தூய அன்புக்கும் இடையிலான போராட்டமாகவும் மாறின. சாத்திர விளக்கமாக இதை மதிப்பிடுவது வீண். ஓர் அடிக்குறிப்பிலிருந்து ஓர் இசைக்கலைஞர் தனக்குத் தேவையான வடிவத்தைக் கண்டெடுத்தார் என்ற அளவில் கொண்டால் போதும். அந்த வடிவம் அவருக்கு உதவவும் செய்தது, தடையாகவும் நின்றது. நான்கு வகை என்று முடிவான பிறகு, ஒவ்வொன்றுக்கும் முழுப் பக்கம் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் பின்தொடர்ந்து வந்தது.

கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மனின் புகார் இங்கேதான் வந்து நிற்கிறது. கையில் இருந்த சரக்கு ஒரு தட்டுக்கு அதிகம், இரண்டு தட்டுக்குப் போதாது, ஆகவே இட்டுநிரப்பினோம் என்பது அவர் பிற்காலத்தில் பலமுறை சொன்னது. நான் கேட்ட வரையில் இரண்டாம் பக்கத்துக்கு அது பொருந்தும். மெலோட்ரான் (பதிவு நாடாக்களால் ஒலிக்கும் கீபோர்டு) அலைகள் அழகாக எழுந்து, எங்கும் போய்ச் சேராமல் அடங்குகின்றன. மூன்றாம் பக்கத்தின் முதற்பகுதியில் தாளமும் ஸ்டீல் கிட்டாரும் கரடுமுரடாக மோதிக்கொள்வதைப் பலர் பொறுப்பதில்லை. ஆனால் அந்த மோதலைக் கடந்து வந்தவருக்குத்தான் அதன் இறுதியில் ஹவ் தனியே வாசிக்கும் கிளாசிக்கல் கிட்டாரின் அமைதி முழுமையாகக் கிடைக்கிறது. முதல் பக்கமும் நான்காம் பக்கமும் வேறு தரத்தவை. ஓதுவதுபோல் குரல்கள் அடுக்கடுக்காக ஏறும் முதல் பக்கத்தின் நுழைவும், கிறிஸ் ஸ்குவயரின் பேஸ் கிட்டார் பாடகரைப்போல் முன்னால் வந்து நிற்கும் நான்காம் பக்கமும் இல்லாமல் யெஸ்ஸின் சாதனையைப் பேச முடியாது.

வரவேற்பு ஏன் இவ்வளவு கடுமையாகப் பிளந்தது என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. தட்டு கடைக்கு வருமுன்பே, 1973 நவம்பரில் லண்டன் ரெயின்போ அரங்கில் குழு அதை முழுவதுமாக வாசித்துக் காட்டியது. ஒரு முறைகூடக் கேட்டிராத எண்பது நிமிட இசையை இருக்கையில் அமர்ந்து பின்தொடர்வது எளிதன்று. பத்திரிகை விமர்சகர்கள் பலர் வளவளப்பு என்றும் ஆடம்பரம் என்றும் எழுதினார்கள். ஆனால் விற்பனை எதிர்த்திசையில் ஓடியது: முன்பதிவிலேயே பிரிட்டனில் தங்கத்தட்டுத் தகுதி பெற்று, தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது, அமெரிக்காவில் 6ஆம் இடம் வரை சென்றது. மான்செஸ்டர் நிகழ்ச்சியொன்றில் வேக்மன் மேடையிலேயே கறி உணவு வரவழைத்து உண்டது பலரும் அறிந்த செய்தி. தனக்கு வாசிக்க ஒன்றுமில்லாத நீண்ட இடைவெளிகள் இருந்தன என்பதற்கு அதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. 1974இல் அவர் விலகினார்.

ஜெனசிஸ் எதிர்முனையிலிருந்து தொடங்கியது. பேஸ் கிட்டார் கலைஞர் மைக் ரதர்ஃபோர்ட், பிரெஞ்சு எழுத்தாளர் செந்த் எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' கதையை எடுத்துக்கொள்ளலாம் என்றார். பாடகர் பீட்டர் கேப்ரியலுக்கு அதில் உடன்பாடில்லை. தேவதைக் கதைகளின் மென்மையை விட்டுவிட்டு, நியூயார்க் தெருக்களில் திரியும் ரேல் என்ற போர்ட்டோ ரிக்கோ இளைஞனின் கதையை அவர் முன்வைத்தார். அதுவரை பாடல் வரிகளைக் குழுவினர் பகிர்ந்து எழுதிவந்தார்கள். இம்முறை கதை தன்னுடையது என்பதால் வரிகளையும் தானே எழுதுவேன் என்று கேப்ரியல் வற்புறுத்தினார். ஹாம்ப்ஷயரின் ஹெட்லி கிரேஞ்ச் வீட்டில் நால்வர் ஓர் அறையில் இசையமைக்க, அவர் இன்னோர் அறையில் எழுதினார். இடையில் திரைப்பட இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் அழைப்பை ஏற்றுச் சிறிது காலம் குழுவை விட்டே போய்த் திரும்பினார். அவருடைய முதல் குழந்தையின் பிறப்பு ஆபத்தான நிலையில் நடந்ததும் அதே 1974 கோடையில்தான். வரிகள் தாமதமாயின, ஒரு பாடலுக்கு மட்டும் கீபோர்டு கலைஞர் டோனி பேங்க்ஸும் ரதர்ஃபோர்டும் எழுத வேண்டியதாயிற்று. வேறு அறையில், வேறு மனநிலையில் பிறந்த இசைமீது சொற்களைப் பொருத்தியதன் தடம் தட்டு முழுவதும் கேட்கிறது.

ஆனாலும் முதல் இரண்டு பக்கங்களைக் கேட்கும்போது அந்தத் தடம் குறையாகவே தோன்றுவதில்லை. பேங்க்ஸின் பியானோவோடு தொடங்கும் தலைப்புப் பாடல், கூண்டுக்குள் மூச்சுத்திணறும் 'இன் தி கேஜ்', மெல்ல ஏறும் 'கார்பெட் கிராலர்ஸ்' ஆகியவை யெஸ்ஸின் கோவைகளோடு ஒப்பிட்டால் குறுகிய பாடல்கள். ஒவ்வொன்றும் தனக்குரிய வேலையை முடித்துவிட்டு அடுத்ததற்கு வழிவிடுகிறது. யெஸ்ஸின் தட்டில் நான்கே கோவைகள், இதில் இருபத்து மூன்று பாடல்கள். புதிதாகக் கேட்பவருக்கு இதுவே நுழைய எளிய வாசல் என்பதில் எனக்கு ஐயமில்லை. மூன்றாம் பக்கத்தில்தான் நடை தளர்கிறது. இணைப்பிசைத் துண்டுகள் கூடுகின்றன. அட்டையின் உட்புறத்தில் அச்சிட்ட கதையைப் படிக்காமல் யார் என்ன செய்கிறார் என்று புரியாத நிலை வருகிறது. 'டேல்ஸ்' வரிகளும் புரியாதவைதாம். ஆனால் அங்கே பின்தொடர வேண்டிய கதை எதுவும் இல்லாததால் இசையோடு மிதந்துவிடலாம். கதை சொல்கிறேன் என்று வாக்களித்த தட்டு கதையைக் கைவிடும்போது கேட்பவர் ஏமாற்றம் கொள்வது நியாயமே.

விற்பனையில் 'லேம்' பின்தங்கியது: பிரிட்டனில் 10ஆம் இடம், அமெரிக்காவில் 41ஆம் இடம். மேடையில் யெஸ் செய்த அதே தவறு இங்கும் நேர்ந்தது. பலருக்கும் பழகாத தட்டை முழுமையாக, நூற்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளில் வாசித்தார்கள். மூன்று திரைகளில் நிழற்படங்கள் ஓடின. கதையில் வரும் ஸ்லிப்பர்மேன் என்ற உருக்குலைந்த பிறவியின் வேடத்துக்கான பருத்த உடைக்குள்ளிருந்து ஒலிவாங்கியை வாயருகே கொண்டுவர முடியாமல் கேப்ரியலின் குரல் மங்கியது. பயணத்தின் தொடக்கத்திலேயே தன் விலகலைக் குழுவிடம் சொல்லிவிட்டு, 1975 மே வரை அவர் பாடி முடித்தார்.

ஆனால் பிற்காலம் இவற்றின் நிலையைத் தலைகீழாக்கியது. குறைவாக விற்ற 'லேம்' ஜெனசிஸின் தலைசிறந்த படைப்பு என்று பலரால் கொண்டாடப்படுகிறது. முதலிடம் பிடித்த 'டேல்ஸ்' அந்த இசைவகையின் மிகையாடலுக்கு உதாரணமாக இன்றும் காட்டப்படுகிறது. முதல் தீர்ப்பை ஓரளவு ஏற்கிறேன். இரண்டாவதை என்னால் ஏற்க இயலவில்லை. இரண்டின் இறுதியையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். 'டேல்ஸ்' தன் நான்காம் பக்கத்தில் போராட்டம் என்று சொன்னதை டிரம்ஸும் தாளக்கருவிகளும் நேரம் எடுத்துக்கொண்டு நிகழ்த்துகின்றன. அந்த இரைச்சல் ஓய்ந்த பிறகு ஆண்டர்சனின் குரல் தாழ்ந்து திரும்பும்போது, அந்த அமைதிக்கு அதுவரை கழிந்த நேரம் முழுவதும் பொருளாகிறது. 'லேம்' கதையின் உயிர்நாடியும் அதன் இறுதியில்தான் இருக்கிறது. நியூயார்க்குக்குத் திரும்பும் வாசல் திறந்திருக்க, ரேல் அதை விடுத்து, வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் சகோதரன் ஜானைக் காப்பாற்றப் பாய்கிறான். தன்னை இருமுறை கைவிட்டுப் போனவன் அந்த ஜான். இழுத்துப் பிடித்து முகத்தைப் பார்த்தால், அது தன் முகமாகவே இருக்கிறது. ராக் இசையில் இதற்கு இணையான கதை முடிச்சு மிகச் சிலவே. தொண்ணூற்று நான்கு நிமிடங்கள் கையில் இருந்தும், அந்தக் கணத்துக்கு அவர்கள் ஒதுக்கியது ஏறத்தாழ இரண்டரை நிமிடப் பாடல் ஒன்றுதான்; ரேல் அந்த முகத்தை அறிந்துகொண்ட உடனேயே அடுத்த பாடலின் வேகத் தாளம் தொடங்கிவிடுகிறது.