பழைய புல்லட் ட்ரையல்ஸ் வண்டி: கழட்டின பாகமா, புதுப் பாகமா?

1952-லும் 1957-லும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரையல்ஸ் போட்டியை (பாறை, சேறு, மேடுபள்ளத்தில் கால் ஊன்றாமல் வண்டி ஓட்டுவது) ஆங்கிலேய வீரர் ஜானி பிரிட்டன் ஜெயித்தது ராயல் என்ஃபீல்டில்தான். அந்த ஆசையில் பழைய 350 புல்லட்டைக் கையில் எடுத்தவர்கள் ராமேஸ்வரம் போகும் வழியில் இருக்கும் எங்கள் கடலோர ஊர் மண்டபம் பக்கமும் உண்டு, கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: பழைய வண்டியில் கழட்டின பாகம் வாங்குவதா, புதுசு வாங்குவதா?

விலை: பழசு என்றால் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் பேரம் பேசலாம், ஆனால் அங்கே போய்வரும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுசு மதுரையிலேயே கிடைக்கும்.

பொருத்தம்: பழசு அப்படியே உட்காரும். நான் வாங்கின புது ஃபுட்ரெஸ்டில் ஓட்டை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தது, அரத்தால் ராவியே அரை நாள் போச்சு.

உப்புக்காற்று: இங்கேதான் விஷயம். பழைய குரோம் ரிம்மில் நிப்பிளை (ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கும் சின்ன நட்டு) சுற்றித்தான் துரு முதலில் பிடிக்கும், மேலே பளபளவென்று இருந்தாலும் டயரைக் கழற்றி உள்பக்கம் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். புது அலுமினிய ரிம் எடை குறைவு, செந்துரு கிடையாது; ஆனால் இரும்பு நிப்பிள் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், அதனால் மாட்டும்போதே கிரீஸ் தடவிவிடுங்கள்.

கிரான்க் கேஸ், கியர்பாக்ஸ், ஹப் எல்லாம் விரிசல் பார்த்துப் பழசே எடுங்கள். செயின், கேபிள், பேரிங், ஸ்போக், ரப்பர் சாமான்? புதுசுதான், யோசிக்கவே வேண்டாம்.